பாடு இல்லாத நாள்: தோணிரேவில் வெறுங்கையோடு ஒரு தூண்டில் பயணம்

பழவேற்காடு ஏரிக்கரையில் 'பாடு' என்றால் கிடைத்த மீன். "பாடு எப்படி?" என்று ஒருவர் கேட்டால், இன்று எவ்வளவு கிடைத்தது என்று கேட்கிறார். எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாட்டுக்கும் இங்கே பாடு என்றுதான் பெயர். துன்பம் என்ற பொதுப்பொருளும் அந்தச் சொல்லை விட்டு எங்கும் போய்விடவில்லை. பாடு இல்லாத நாள் மீனவர் வீட்டுக்குப் பெரும் பாடு. சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு வந்து இறங்குபவருக்கு அப்படி எதுவும் இல்லை; மீன் கிடைக்காவிட்டாலும் அவர் வீட்டு அடுப்பு எரியும். வெறும் தூண்டிலோடு திரும்பும் நாளை ரசிக்க அவரால் முடிவது அதனால்தான். ஆனால் ரசிப்புக்கு முன்தயாரிப்பு வேண்டும். ஏன் கடிக்கவில்லை என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு நான்கு மணி நேரம் நான்கு நாள் போல இருக்கும். தெரிந்தவருக்குப் பொழுது போதாது.

தோணிரேவு ஏரிக்கரை மீனவ ஊர்களில் ஒன்று. 'ரேவு' தெலுங்குச் சொல், துறை என்று பொருள். தோணித்துறை என்றால் பெயர் முழுக்கத் தமிழாகிவிடும். ஆந்திர எல்லையை ஒட்டிய இந்தப் பகுதியில் இரண்டு மொழியும் கலந்த ஊர்ப்பெயர்கள் புதிதல்ல. ஏரியும் இரண்டு மாநிலங்களுக்குப் பொதுவானது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் கிடக்கிறது. இந்திய உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். தெற்கே ஆரணி ஆறும், வடமேற்கே காளங்கி ஆறும் வந்து சேர்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலை மறைத்து நிற்க, பழவேற்காட்டு முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து போகிறது. ஆறு, ஏரி, கடல் மூன்றும் ஒரே இடத்தில் தள்ளுமுள்ளு செய்யும் இந்த நீரில் தூண்டில் போடுவது, ஓடும் ஆற்றில் போடுவதைவிடக் கடினம்; வேடிக்கை பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

புறப்படும் முன்

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கி, பழவேற்காட்டுக்குப் பேருந்து பிடிக்கலாம். அங்கிருந்து தோணிரேவுக்கு ஆட்டோ. அதிகாலை நீரோட்டத்தைப் பார்க்க விரும்புபவர் சொந்த வண்டியில் இருட்டோடு கிளம்புவது மேல்.

மூன்று விஷயங்களை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். கரையோர மக்கள் மீன் பிடிப்பது அவர்கள் பிழைப்பு. வெளியூர்க்காரர் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுவது வேறு கணக்கு. எங்கே போடலாம், போடலாமா என்பதை வனத்துறையிடமும், பிறகு ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுக்கொள்ளாமல் முள்ளை நனைக்கக் கூடாது. அனுமதி கிடைக்காவிட்டால் தூண்டிலைப் பையிலேயே வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் செய்யலாம். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படுபவற்றில் முக்கால்வாசிக்குத் தூண்டில் தேவைப்படாது.

இரண்டாவது, படகு. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குடும்பமாக வந்தவர்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரி தடைசெய்யப்பட்டது. யாராவது தனியாகக் கூப்பிட்டு "ஒரு ரவுண்டு போய் வரலாம் சார்" என்றாலும் ஏறக் கூடாது. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான் என்பது உண்மை. முகத்துவாரத்துக்கு அருகே ஓடைகளும் இழுப்பும் வேறு மாதிரி இருக்கும் என்பதும் உண்மை. வெளியூர்க்காரருக்குக் கரைதான் இடம்.

மூன்றாவது, நடப்பட்ட கழிகள். நீருக்குள் வரிசையாகக் கழி தெரிந்தால் அங்கே வலை கட்டியிருக்கிறது, அல்லது கட்டப்போகிறார்கள். ஈயக்குண்டு வலையில் சிக்கினால் நஷ்டம் வலைக்காரருக்கு. கழி தெரியும் திசையில் தூண்டிலை வீசவே கூடாது.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. ஒரு மூங்கில் கழி அல்லது ரீல் வைத்த சாதாரண ராடு, தங்கூஸ் நரம்பு, சிறிய முள் நாலைந்து, தக்கை, ஈயம். இரைக்கு அன்று காலை அங்கேயே வாங்கும் சிறு இறால் போதும். தொப்பி, குடிநீர், அடிப்பகுதி கெட்டியான பழைய செருப்பு. வெறுங்காலோடு சேற்றில் இறங்கினால் சிப்பி ஓடு பாதத்தைக் கிழிக்கும். இவற்றோடு ஒரு நோட்டும் பென்சிலும். மீன் கிடைக்காத நாளில் மிக அதிகம் பயன்படும் கருவி பென்சில்தான்.

ஏன் கடிக்கவில்லை

முதல் குற்றவாளி நிலா. இந்தக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை வற்றுகிறது. அடுத்த நாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பலமாக இருக்கும். அப்போதும் சென்னைக் கரையில் உயர வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அட்டமி, நவமியை ஒட்டி அது மிகவும் சுருங்கிவிடும். அட்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று பாட்டிமார்கள் சொல்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க முடியாது. ஆனால் தூண்டில்காரர் அவர்கள் பேச்சைக் கேட்பதில் தவறில்லை. நீர் ஓடும்போதுதான் புழுவும் குஞ்சு இறாலும் நகரும், அவற்றைத் தேடி மீனும் நகரும். நீர் நின்றுவிட்டால் எல்லாம் நின்றுவிடும். "தண்ணி ஓட்டமே இல்ல சார்" என்று கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர் சொன்னால், அது ஆறுதல் வார்த்தை இல்லை, காரணம்.

கடலில் ஏற்றம் என்றால் ஏரியிலும் உடனே ஏற்றம் என்று நினைத்துவிடக் கூடாது. முகத்துவாரத்தின் குறுகிய வாயில் நுழைந்து ஏரிக்குள் பரவ நீருக்கு நேரம் பிடிக்கும். உள்ளே வரவர உயரமும் குறையும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் வரத்தே அடைபட்டுப் போகும். பழவேற்காட்டு மீனவர்களின் நெடுநாள் முறையீடே அந்த மணல்மேடுதான். ஆகவே அச்சிட்ட ஓத அட்டவணை தோணிரேவுக்குச் சரியாகப் பொருந்தாது. ஒரு குச்சியை நீரின் விளிம்பில் நட்டு, அரைமணிக்கு ஒருமுறை நீர் எங்கே நிற்கிறது என்று கோடு போட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்வதுதான் வழி. மதியத்துக்குள் அந்த இடத்துக்கான சொந்த அட்டவணை கையில் இருக்கும். அடுத்த முறை வரும்போது அதை வைத்து நேரம் கணிக்கலாம். கணிப்பு பலித்தால், மீன் கடித்ததற்குச் சற்றும் குறையாத சந்தோஷம்.

இரண்டாவது காரணம் உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆறு பெருகி வந்தால் ஏரி கிட்டத்தட்ட நல்ல தண்ணீர் ஆகிவிடும். சித்திரை, வைகாசியில் நீர் சுண்டி, முகத்துவாரமும் அடைபட்டிருந்தால் கடலைவிடவும் உப்பு ஏறிவிடும். ஒரே இடத்தில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு வேறு நீர்கள். அதற்குத் தகுந்தபடி மீன்களும் இடம் மாறும். சென்ற மாதம் கடித்த இடத்திலேயே இந்த மாதமும் உட்கார்ந்து கொண்டு கடிக்கவில்லை என்று குறைப்படுவது, வீடு மாறிப்போனவர் வீட்டுக் கதவைத் தட்டுவது போல. நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்து 'உப்பு', 'கரிப்பு', 'சப்பு' என்று நோட்டில் எழுதுவது பழங்காலச் சோதனைதான். குடிக்கக் கூடாது, துப்பிவிட வேண்டும்.

காற்றும் கணக்கில் உண்டு. வடக்கிலிருந்து வரும் வாடை, கிழக்கிலிருந்து வரும் கொண்டல், மேற்குப் பக்கக் கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருக்கும் கரை இது. ஆழமில்லாத ஏரியில் பலத்த காற்று அடிச்சேற்றைக் கிளப்பிவிடும். கண்ணால் பார்த்து இரை தேடும் மீனுக்கு அது புழுதிக்காற்றில் சாப்பிட உட்கார்ந்தது மாதிரி.

பலரும் யோசிக்காத காரணம் ஒன்று இருக்கிறது. ஏரியில் துள்ளும் மீன் எல்லாம் தூண்டிலுக்கு வரும் மீன் கிடையாது. கரையில் உட்கார்ந்தவரின் பொறுமையை மிகவும் சோதிப்பது மடவை. கைக்கெட்டும் தூரத்தில் நீரைவிட்டு எகிறிக் குதிக்கும், மறுபடி குதிக்கும், முள்ளில் கோத்த இறாலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது சேற்றின் மேல் படிந்த பாசியையும் மட்கிய துகளையும் உறிஞ்சித் தின்னும் மீன், வாயும் சிறியது. பால்கெண்டையும் பெரும்பாலும் பாசிக்காரர்தான். இவை இரண்டும் வலைக்கு உரியவை. தூண்டிலுக்கு உரியது கிழங்கான். அடிமணலில் புழுவும் சின்ன இறாலும் பொறுக்கும். கெளுத்தி எதையும் கடிக்கும், ஆனால் அதன் முதுகு முள்ளும் பக்க முள்ளும் குத்தினால் அன்றைய ரசனை அத்தோடு முடிந்தது. கெளுத்தி கிடைக்காததும் சில சமயம் ஒரு பாக்கியம். கொடுவாதான் எல்லோரும் கனவு காணும் மீன். அது பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, வயது ஏறியபின் பெண்ணாக மாறும். முட்டையிடக் கடலுக்குப் போகும். அது ஏரிக்குள் இருக்கும் நாள், இரை எடுக்கும் வேளை, தூண்டில்காரரின் விடுமுறை நாள் மூன்றும் ஒத்துவருவது ஜாதகப் பொருத்தம் போல அரிது.

இறாலின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் கழிவலைகளின் பொருளும் விளங்கும். இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஏற்றத்தோடு ஏரிக்குள் வந்து, சேற்றில் வளர்ந்து, பருவம் வந்ததும் வற்று நீரோடு கடலுக்குத் திரும்புகின்றன. திரும்பும் வழியில் வலை கட்டுவதுதான் இங்குள்ள பழைய உத்தி. நல்ல வழி சிலவே, கட்டுபவர் பலர். அதனால்தான் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் போன்ற ஊர்களுக்கிடையே பாடு முறை ஏற்பட்டது. இன்று இவருக்கு நல்ல இடம் என்றால் நாளை அடுத்தவருக்கு. வெறும் வலை வரக்கூடும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு, நல்ல நாளையும் கெட்ட நாளையும் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்த ஏற்பாடு அது.

தக்கையை விட்டுக் கண்ணை எடுத்தால்

தக்கையையே முறைத்துக்கொண்டிருப்பது புதியவர்களின் பழக்கம். கழியைக் கரையில் ஊன்றிவிட்டுத் தலையை உயர்த்த வேண்டும். கார்த்திகை முதல் பங்குனி வரை ஏரியில் பூநாரைகள் கூட்டமாக மேயும். வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்றை வடிகட்டித் தின்னும் அவற்றின் முறை இந்த ஆழமில்லாத ஏரிக்கென்றே அமைந்தது போலிருக்கும். கூழைக்கடாக்கள் வரிசை கட்டி மீனை ஆழமற்ற பக்கம் ஓட்டிவந்து, எல்லாம் ஒரே நேரத்தில் பையலகைத் தாழ்த்தும். ஆலா மேலிருந்து பாய்ந்து வெறும் அலகோடு எழும்பும், மறுபடி பாயும். எத்தனை பாய்ச்சலுக்கு ஒரு மீன் என்று எண்ணுவது நல்ல பொழுதுபோக்கு. மீன் பிடிப்பதையே பிறவித் தொழிலாகக் கொண்ட பறவைக்கே இப்படி என்றால், மாதம் ஒருமுறை தூண்டில் பிடிப்பவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. பறவைக் கூட்டத்தை நெருங்கிப் பறக்கவிடுவது மட்டும் கூடாது. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் உள்ளான்களும் அவற்றோடு இருக்கும். ஒவ்வொரு முறை எழுந்து பறப்பதும் அவற்றுக்குச் செலவு.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் வந்தால் கிழக்கு வானத்தையும் பார்க்கலாம். அந்த நாட்களில் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். 2023 ஜூலை 14 பிற்பகல் 2.35 மணிக்குச் சந்திரயான்-3 கிளம்பியது இந்த ஏரிக்கு அப்பால் இருக்கும் ஏவுதளத்திலிருந்துதான்.

வெயில் ஏறியதும் தூண்டிலைச் சுருட்டிவிடலாம். உச்சிவேளையில் ஆழமில்லாத நீர் கொதிக்கும். மீனும் வராது, மனிதனும் தாங்கமாட்டான். பழவேற்காட்டு ஊருக்குள் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போக அது சரியான நேரம். டச்சுக்காரர் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்கள் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறிய 1690 வரை இந்த ஊர்தான் அவர்களுக்கு எல்லாம். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறைகளைத் தொல்லியல் துறை காக்கிறது. வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே அவர்கள் துணி மூட்டைகளை எண்ணிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த 1653ஆம் ஆண்டில்தான் லண்டனில் ஐசக் வால்டன் தூண்டில் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். மீன்பிடிப்பைச் சிந்திக்கும் மனிதரின் பொழுதுபோக்கு என்று அதன் தலைப்பிலேயே சொன்னவர் அவர்.

அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன் இதே கரையில் தெற்கே நம் கதை ஒன்று உண்டு. நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்தர் என்ற மீனவர், கிடைக்கும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவார். ஒரு காலத்தில் நாளுக்கு ஒரு மீனே சிக்கியது, அதையும் விட்டார். வீட்டில் பட்டினி தொடர்ந்தது. கடைசியில் பொன்மீன் சிக்கியது. அதையும் விட்டார் என்கிறது பெரியபுராணம். பிடித்த மீனைத் திரும்ப விடுவது மேல்நாட்டுப் பழக்கம் என்று நினைப்பவர்கள் அறுபத்துமூவர் வரிசையில் அவரைத் தேடிப் பார்க்கலாம். அதிபத்தர் கதையில் வலி அந்தப் பட்டினியில் இருக்கிறது. அதனால் பொழுதுபோக்குக்காரர் அதைத் தன் கதையாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே மரியாதை. அதே மரியாதை தோணிரேவுக் கரையிலும் வேண்டும். "ஒண்ணும் கிடைக்கல, ஆனா ஜாலியா இருந்துச்சு" என்று வெறும் வலையோடு வரும் ஒருவர் முன்னால் சத்தமாகச் சொல்லக் கூடாது. ஏரியின் வளம் குறைந்துவருகிறது என்பது அவர்கள் அன்றாடம் பேசும் பேச்சு. முகத்துவார அடைப்பும், தெற்கே எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளும் அந்தப் பேச்சில் தவறாமல் வரும். காதுகொடுத்துக் கேட்பதற்கும் அன்றைய நாளில் நேரம் ஒதுக்க வேண்டும்.

திரும்பும் வழியில்

மீன் இல்லாமல் வீட்டுக்குப் போகக் கூச்சப்படுபவர் பழவேற்காட்டில் வாங்கிக்கொள்ளலாம். செவுள் சிவந்திருக்க வேண்டும், கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் குழி உடனே மறைய வேண்டும். பச்சை நண்டு உயிரோடு, கால்கள் கட்டப்பட்டுக் கிடைக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும் நண்டில்தான் சதை இருக்கும். வாங்கியதைப் பிடித்தது என்று சொல்ல நினைப்பவருக்கு ஒரு எச்சரிக்கை: வஞ்சிரத்தை வாங்கிப் போய் ஏரிக்கரையில் தூண்டிலில் பிடித்தேன் என்றால், மீன்காரம்மாவிடம் பத்து வருடம் பேரம் பேசிய மனைவியிடம் மாட்டிக்கொள்வது உறுதி. மடவையும் தப்பாது, இந்த அத்தியாயத்தை அவர் படித்திருந்தால்.

தோணிரேவுப் பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். கரையில் பனையும் வீட்டில் கைத்திறனும் இருப்பதால், ஏரி கைவிட்ட நாளிலும் ஓரளவு வரும்படி தரும் வேலை அது. மூடி போட்ட ஒரு சிறு பெட்டி வாங்கினால் அடுத்த முறை முள், ஈயம், தக்கை எல்லாம் அதில் அடங்கும். பேரம் பேச வேண்டாம். ஒரு பெட்டி முடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் பேசமாட்டார்.

கிளம்பும் முன் அறுந்த நரம்புத் துண்டுகளைக் கட்டாயம் பொறுக்கிக்கொள்ள வேண்டும். தங்கூஸ் மட்காது, பறவையின் காலில் சுற்றினால் அதுவாகக் கழற்றிக்கொள்ளவும் முடியாது. மிச்ச இரையை நாய்க்கும் காக்கைக்கும் போடலாம். நோட்டில் தேதி, திதி, காற்று, நீரின் சுவை, குச்சியில் போட்ட கோடுகளின் நேரம், பார்த்த பறவை ஆகியவற்றை எழுதி, 'மீன்' என்ற பத்தியில் சுழியம் போட வேண்டும். அந்தப் பத்தியை வெறுமையாக விட்டுவிட்டால், அன்று தூண்டில் போட்டதா இல்லையா என்பதே பின்னால் மறந்துவிடும். கடைசியாக, முள்ளை நரம்பிலிருந்து கழற்றித் தக்கையில் குத்தி வைக்கவும். பொன்னேரிப் பேருந்தில் மாலை நேரம் கூட்டம் நெரியும். நாள் முழுக்க எதிலும் மாட்டாத முள் அங்கே பக்கத்தில் நிற்பவரின் சட்டையில் மாட்டிக்கொள்ளும்.